ப்ராக் ராக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் என் சொந்த அபிப்பிராயங்களும்

கீழே இருப்பவை பெரும்பாலும் என் அபிப்பிராயங்கள். வருடங்களையும் பெயர்களையும் நம்பலாம். மற்றதற்கெல்லாம் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

ப்ராக் என்பது எந்த மாதிரி இசை?

முழுப்பெயர் புரோக்ரெசிவ் ராக். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் சில ராக் குழுக்களுக்கு மூன்று நிமிடப் பாட்டு போதவில்லை. மேற்கத்திய செவ்வியல் இசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொண்டு, நடுவில் தாளம் மாறுகிற, பத்து இருபது நிமிடம் ஓடுகிற பாட்டுகளைச் செய்தார்கள். சிலர் ஆல்பம் முழுக்க ஒரே கதையைச் சொன்னார்கள். 1969 அக்டோபரில் கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் வந்ததை ஆரம்பமாக வைத்துக்கொண்டால், அடுத்த ஆறேழு வருடங்களில் இந்த வகையின் பெரிய ஆல்பங்கள் முக்கால்வாசி வந்துவிட்டன.

என்னுடைய அளவுகோல் ஒன்றுதான். பாட்டு இருபது நிமிடம் ஓடுகிறது என்றால் அந்த இருபது நிமிடத்துக்கும் அதில் வேலை இருக்க வேண்டும். கடினமாக இருப்பதாலேயே ஒரு பாட்டு உயர்ந்ததாகிவிடாது. இதை ஒத்துக்கொள்ளாத ப்ராக் ரசிகர்கள் நிறைய பேர் உண்டு, எனக்கு நண்பர்களும்கூட.

புதிதாகக் கேட்பவர் எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

பிங்க் ஃப்ளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973). எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன், வேறு வழியில்லை. பாட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிக்கொண்டு போகும், மெட்டு எங்கேயும் கைவிடாது. அது பிடித்தால் அடுத்து ஜெனிஸிஸின் 'செல்லிங் இங்லண்ட் பை த பவுண்ட்' (1973). அதற்கப்புறம் யெஸ்ஸின் 'க்ளோஸ் டு த எட்ஜ்' (1972). கிங் கிரிம்சனை நான்காவதாக வையுங்கள். எமர்சன், லேக் அண்ட் பாமரை யாராவது முதலில் கொடுத்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள்.

தாளம் புரியவில்லையே, எண்ணிக்கொண்டே கேட்க வேண்டுமா?

வேண்டாம். ஆனால் கர்நாடக சங்கீதம் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி பயம் தேவையில்லாதது. பிங்க் ஃப்ளாய்டின் 'மனி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாணயம் குலுங்குவதும் கல்லாப்பெட்டி திறப்பதும் முதலில் ஒலிக்கும், அதை அப்படியே ஏழு எண்ணிக்கைக்கு வெட்டி ஒட்டியிருப்பார்கள். அதன் மேல்தான் பேஸ் கிடார் ஏறும். ஏழு என்றதும் மேற்கில் பல பேர் திகைத்தார்கள். நாம் 'தகிட தகதிமி' என்று மிஸ்ர சாபு போட்டுக்கொண்டே போய்விடலாம். கிடார் தனி வரும்போது மட்டும் பாட்டு நாலுக்கு மாறும். ஏழிலேயே அவ்வளவு நேரம் மூச்சடக்கி வைத்திருந்ததால், நாலு வந்ததும் குழு முழுவதும் அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடும். தாளத்தை மாற்றினால் அதற்கு இப்படி ஒரு பலன் இருக்க வேண்டும்.

ரஷ் குழுவின் 'ஒய்ஒய்ஸெட்' (YYZ) இன்னும் வேடிக்கை. டொரன்டோ விமான நிலையத்தின் குறியீட்டு எழுத்துகளை மோர்ஸ் தந்தி ஒலியில் வாசித்தால் என்ன லயம் வருமோ அதுதான் ஆரம்பத் தாளம். பத்து எண்ணிக்கை வரும்.

கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் உண்மையிலேயே அவ்வளவு பெரியதா?

ஆமாம், ஒரு பாட்டின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டால். 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்' ஆல்பத்தில் மொத்தம் ஐந்து பாட்டு. முதல் பாட்டில் குரலை நசுக்கி, சாக்ஸபோனையும் கிடாரையும் ஒரே வெறியில் ஓடவிட்டு, நடுவில் எல்லோரும் சேர்ந்து நிறுத்தி நிறுத்தி வாசிக்கிற இடம் இன்றைக்கும் புதிதாகத்தான் இருக்கிறது. 2010இல் ராப் பாடகர் கான்யே வெஸ்ட் 'பவர்' பாட்டுக்கு அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

மற்ற சில பாட்டுகளில் வயலின் கூட்டம் மாதிரி அலையலையாக வருவது வயலின் இல்லை, மெலோட்ரான். கீபோர்டின் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ஒலிநாடா இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடி, முன்பே பதிவுசெய்த வயலின் ஒலிக்கும். சுமார் எட்டு நொடியில் நாடா தீர்ந்துவிடும், விரலை எடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தக் குறைபாடுதான் அந்த ஒலிக்கு ஒரு நடுக்கத்தையும் சோகத்தையும் கொடுத்தது என்று நினைக்கிறேன். பின்னால் வந்த துல்லியமான கருவிகளில் அது கிடைக்கவில்லை.

கழிக்கச் சொன்னது 'மூன்சைல்ட்'. பன்னிரண்டு நிமிடம். முதல் இரண்டரை நிமிடம் அழகான பாட்டு, அதற்கப்புறம் மூன்று பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு என்ன வாசிப்பது என்று யோசிக்கிறார்கள்.

அப்படியென்றால் கிரிம்சனில் உங்களுக்கு மிகவும் பிடித்தது?

'ரெட்' (1974), அதிலும் கடைசிப் பாட்டான 'ஸ்டார்லெஸ்'. நீண்ட பாட்டு எதற்காக நீளலாம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். முதல் நாலு நிமிடம் ஜான் வெட்டன் மெதுவாக, மனசு கனக்கப் பாடுவார். அப்புறம் பாட்டு கிட்டத்தட்ட நின்றுவிடும். பேஸ் கிடார் பதின்மூன்று எண்ணிக்கையில் ஒரு சின்ன வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். ராபர்ட் ஃப்ரிப் கிடாரில் ஒரே சுரத்தை வாசித்துக்கொண்டே இருப்பார். கொஞ்ச நேரம் கழித்து அந்த சுரம் ஒரு படி ஏறும், இன்னும் கொஞ்சம் கழித்து இன்னொரு படி. பில் ப்ரூஃபோர்ட் முதலில் ஆங்காங்கே தட்டுவார், போகப்போக முழு டிரம்ஸும் வந்து சேரும். பல நிமிடம் இப்படியே திருகிக்கொண்டு போய், தாங்க முடியாது என்கிற கட்டத்தில் வேகம் பிடித்து வெடித்து, கடைசியில் முதலில் கேட்ட மெட்டு சாக்ஸபோனில் திரும்பி வரும். அந்த மெட்டை ஐந்து நிமிடப் பாட்டில் திருப்பிப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவ்வளவு நேரம் காக்க வைத்ததால்தான் அது அடிக்கிறது.

ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே ஃப்ரிப் குழுவைக் கலைத்துவிட்டார். கையில் இப்படி ஒரு பாட்டை வைத்துக்கொண்டு கடையை மூட ஒரு தனி மனசு வேண்டும்.

யெஸ்: 'க்ளோஸ் டு த எட்ஜ்' சரி, அடுத்த ஆல்பத்தை ஏன் திட்டுகிறார்கள்?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் தெரிந்துவிடும். 'க்ளோஸ் டு த எட்ஜ்' என்ற தலைப்புப் பாட்டு கிட்டத்தட்ட பத்தொன்பது நிமிடம். பறவைச் சத்தம், நீர்ச் சத்தம், திடீரென்று எல்லா வாத்தியமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பாயும். நடுவில் எல்லாம் அடங்கி, குரல்கள் மட்டும் மிதக்கும்போது ரிக் வேக்மனின் தேவாலய ஆர்கன் இறங்கும். அதற்காக லண்டனில் உண்மையான ஒரு தேவாலயத்துக்கே போய்ப் பதிவு செய்தார்கள். இவ்வளவு துண்டுகள் இருந்தாலும் முதலில் கேட்ட மெட்டு வேஷம் மாற்றி மாற்றி வருவதால் பாட்டு சிதறவே சிதறாது. அந்த ஆல்பத்தை முடித்த கையோடு டிரம்ஸ்காரர் பில் ப்ரூஃபோர்ட் விலகி கிங் கிரிம்சனுக்குப் போனார். யெஸ் உச்சத்தில் இருந்த நேரம் அது.

அடுத்து 1973 கடைசியில் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்'. பாடகர் ஜான் ஆண்டர்சன் பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாஸ்திரங்களைப் பற்றிய ஓர் அடிக்குறிப்பைப் படித்தார். அந்த ஒரு அடிக்குறிப்பிலிருந்து இரண்டு இசைத்தட்டு, நான்கு பாட்டு, ஒவ்வொன்றும் இருபது நிமிடம் வாக்கில். நல்ல மெட்டுகள் உள்ளே இருக்கின்றன, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது நிமிடத்துக்கான சரக்கை எண்பது நிமிடத்துக்கு இழுத்திருக்கிறார்கள். இசைத்தட்டின் ஒரு பக்கம் எவ்வளவு நேரம் கொள்ளுமோ அவ்வளவு நேரம் பாட்டு ஓடுகிறது, வேறு காரணம் தெரியவில்லை.

வேக்மனுக்கே பொறுக்கவில்லை. மான்செஸ்டர் கச்சேரியில், தனக்கு வேலையில்லாத நேரத்தில், கீபோர்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து கறிச்சாப்பாடு சாப்பிட்டதை அவரே பல முறை சொல்லிச் சிரித்திருக்கிறார். 1974இல் விலகினார். அவர் போனதை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு அடுத்த வருடம் அவரே ஆர்தர் மன்னர் கதையை வெம்ப்ளியில் பனிச்சறுக்குக் காட்சியாகப் போட்டார். அதைப் பற்றி என்ன சொல்ல.

எமர்சன், லேக் அண்ட் பாமர் மேல் உங்களுக்கு என்ன கோபம்?

கோபமெல்லாம் இல்லை, சலிப்புதான். கீத் எமர்சன் ஹாமண்ட் ஆர்கனில் கத்தியைச் செருகி, கட்டைகளை அழுத்தியபடியே நிற்க வைப்பார். மேடையில் பார்க்கக் கண்கொள்ளாத காட்சி. வீட்டில் உட்கார்ந்து கேட்கும்போது கத்தி தெரியாது, சத்தம்தான் கேட்கும். 'கார்ன் ஈவில் 9' அரை மணி நேரம் ஓடுகிறது, அதில் பத்து நிமிடம் பிரமாதம். 1977இல் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போனார்கள், செலவு கட்டுப்படியாகாமல் கொஞ்ச நாளில் ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் மூன்று பேராகவே தொடர வேண்டி வந்தது. அடுத்த வருடம் வந்த 'லவ் பீச்' அட்டையில் மூன்று பேரும் சட்டை பட்டனைத் திறந்துவிட்டுக் கடற்கரையில் நிற்பார்கள். அட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் 'லக்கி மேன்' எனக்கு உயிர். கிரெக் லேக் பன்னிரண்டு வயதில் எழுதிய எளிமையான கிடார் பாட்டு. கடைசியில் எமர்சன் மூக் சிந்தசைசரில் ஒரே முயற்சியில் வாசித்த தனி அதோடு ஒட்டிக்கொண்டது. இவர்கள் அலட்டிக்கொள்ளாமல் செய்ததுதான் அதிகம் நிற்கிறது.

பிங்க் ஃப்ளாய்டை ப்ராக் கணக்கில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் அவர்கள் வேறு ரகம். வாசிப்பில் யாரும் வித்தை காட்டவில்லை. அவர்களுடைய பலம் எதை எங்கே வைப்பது என்பதில் இருந்தது.

'த டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தின் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' பாட்டையே பாருங்கள். 1973 ஜனவரியில் கிளேர் டோரி என்ற பாடகியை ஒரு ஞாயிறு மாலை அபே ரோடு ஸ்டுடியோவுக்கு அழைத்தார்கள். சொற்களே இல்லை, சாவைப் பற்றிய பாட்டு, தோன்றியதைப் பாடுங்கள் என்றார்கள். தன்னை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு கதறி, அடங்கி, முனகிவிட்டு, இதை எங்கே உபயோகிக்கப்போகிறார்கள் என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போனார். சம்பளம் 30 பவுண்டு. அந்த ஆல்பம் எத்தனை கோடி விற்றாலும் பாட்டை ஆக்கியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 2004இல் வழக்குப் போட்டார், அடுத்த வருடம் சமரசமானது, இப்போது கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் வருகிறது. அந்தப் பாட்டில் அவர் குரலை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு இனிமையான பியானோ. முப்பது வருடம் தாமதம் என்பதுதான் என் வருத்தம்.

'த வால்' (1979) எனக்கு நீளம் அதிகம். 'விஷ் யூ வேர் ஹியர்' (1975) பக்கம்தான் நான்.

பீட்டர் கேப்ரியல் காலத்து ஜெனிஸிஸா, ஃபில் காலின்ஸ் காலத்து ஜெனிஸிஸா?

இந்தக் கேள்விக்காகவே ப்ராக் ரசிகர்கள் பிரிந்து நிற்பார்கள். கேப்ரியல் நரித்தலையை மாட்டிக்கொண்டு சிவப்பு கவுனில் மேடைக்கு வந்தவர். 'ஃபாக்ஸ்ட்ராட்' (1972) ஆல்பத்தின் 'சப்பர்ஸ் ரெடி' இருபத்து மூன்று நிமிடம். அதில் ஒன்பது எண்ணிக்கையில் ஆர்கன் ஓடுகிற இடமும், அது உடைந்து குரல் திரும்புகிற இடமும் எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறிய வைப்பவை. 1975இல் கேப்ரியல் போனார். எல்லோரும் கதை முடிந்தது என்றார்கள். பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த காலின்ஸ் முன்னால் வந்து பாட, 1976இல் வந்த 'எ ட்ரிக் ஆஃப் த டெயில்' முதல் தரமான ஆல்பம்.

அதனால் என் பதில்: கேப்ரியல் போனதற்கு முன்னும் பின்னும் ஒரே குழுதான், பாடியவர் மாறினார்.

ஃபில் காலின்ஸ் இசையை விற்றுவிட்டார் என்கிறார்களே?

எனக்குப் பிடிக்காத பேச்சு இது. 'இன் த ஏர் டுநைட்' (1981) பாட்டைக் கேளுங்கள். மூன்றரை நிமிடத்துக்கு மேல் டிரம்ஸ் செட்டே வராது, ஒரு இயந்திரத் தாளமும் குரலும்தான். பிறகு இடி மாதிரி அந்த அடி விழும். 'ஸ்டார்லெஸ்' செய்த அதே வேலையை ஐந்தரை நிமிடத்தில் செய்கிறார், காக்க வைத்துப் பிறகு கொடுப்பது. அந்த டிரம்ஸ் ஒலியே கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்தில் (1980) பிறந்தது. சிம்பல் எதுவும் கூடாது என்றார் கேப்ரியல், வாசித்தவர் காலின்ஸ், ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்ஹம். எதிரொலி பெரிதாக எழும்பி சட்டென்று வெட்டுப்படும். 1980களின் பாதிப் பாட்டுகள் அந்த ஒலியில்தான் நின்றன. ஜெனிஸிஸின் பக்கா பாப் ஆல்பமான 'இன்விசிபிள் டச்'சிலேயே (1986) 'டாமினோ' என்று ஒரு பத்து நிமிடப் பாட்டு இருக்கிறது, திட்டுகிறவர்கள் அதுவரை கேட்பதில்லை.

1985இல் லைவ் எய்டு நிகழ்ச்சிக்கு ஒரே நாளில் லண்டனிலும் பாடி, கான்கார்டு விமானத்தில் ஏறி ஃபிலடெல்ஃபியாவிலும் பாடினார். அது கொஞ்சம் ஓவர்தான். எங்கே திரும்பினாலும் அவர் முகம் தெரிந்த காலம் அது, அந்த எரிச்சல் பலருக்கு இன்னும் போகவில்லை. சில காதல் பாட்டுகளை நானும் தாண்டித்தான் போவேன். ஆனால் டிரம்ஸ்காரர் என்ற முறையில் அவரைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு ஒத்துவராது.

'திக் ஆஸ் எ ப்ரிக்' கேலியா, உண்மையா?

இரண்டும். ஜெத்ரோ டல் குழுவின் 'ஆக்வாலங்' (1971) ஒரே கருத்தைச் சொல்லும் ஆல்பம் என்று விமர்சகர்கள் எழுத, அப்படி இல்லவே இல்லை என்று மறுத்து அலுத்துப்போன அதன் பாடகர் இயன் ஆண்டர்சன், இந்தா பிடி என்று அடுத்த வருடம் ஆல்பம் முழுக்க ஒரே பாட்டைச் செய்தார். எழுதியது எட்டு வயதுப் பையன் என்று ஒரு கட்டுக்கதை, அட்டையோ முழுசாக ஒரு போலி செய்தித்தாள். கேலிக்காகச் செய்தது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. கேலி செய்ய வந்தவர், தான் கேலி செய்த ஆட்களைவிட அந்த வேலையை நன்றாகச் செய்துவிட்டார்.

நீல் பியர்ட்தான் உலகின் சிறந்த டிரம்ஸ்காரரா?

இந்த மாதிரி பட்டியல் போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆனால் ரஷ் குழுவின் பியர்ட், உலகமே கொண்டாடிய பிறகு, 1990களின் நடுவில் ஃப்ரெடி க்ரூபர் என்ற ஆசிரியரிடம் போய்க் குச்சி பிடிப்பதிலிருந்து மறுபடி கற்றுக்கொண்டார். எனக்கு அவர்மேல் இருக்கும் மரியாதையில் பாதி அதற்காக. '2112' (1976) ஆல்பத்தைவிட 'மூவிங் பிக்சர்ஸ்' (1981) மேல் என்பேன். இருபது நிமிடத்தில் சொன்னதை நாலரை நிமிடத்தில் சொல்லக் கற்றுக்கொண்ட ஆல்பம் அது. பியர்ட் 2020 ஜனவரியில் காலமானார்.

பங்க் வந்துதான் ப்ராக் செத்ததா?

பங்க் என்ற முரட்டு எளிய ராக்கின் பிரபல குழு செக்ஸ் பிஸ்டல்ஸ். அதன் பாடகர் ஜானி ராட்டன் 'ஐ ஹேட்' (வெறுக்கிறேன்) என்று பிங்க் ஃப்ளாய்டு சட்டையில் கிறுக்கிக்கொண்டு திரிந்தது உண்மை. அதே ஆள் 1977இல் லண்டன் வானொலியில் தனக்குப் பிடித்த பாட்டுகளைப் போட வந்தபோது வான் டர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற ப்ராக் குழுவின் பீட்டர் ஹாமில் பாட்டைப் போட்டார். ப்ராக் குழுக்கள் களைத்தது தாங்களாகவேதான். அதிலும் முக்கால்வாசிப் பேர் சாகவில்லை, உருமாறினார்கள். 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது யெஸ்ஸின் பாட்டு.

பெண்களே இல்லையா இதில்?

குறைவு, அது இந்த வகையின் பெரிய குறை. ரெனசான்ஸ் குழுவின் ஆனி ஹாஸ்லமை முதலில் கேளுங்கள், 'ஆஷஸ் ஆர் பர்னிங்' (1973) ஆல்பத்தில்.

ஆனால் என்னைக் கேட்டால் 1980களின் சிறந்த ப்ராக் வேலையைச் செய்தவர் கேட் புஷ், கடையில் அவரை எந்த அலமாரியில் வைத்தாலும் சரி. பதின்ம வயதில் அவர் திறமையைக் கண்டுகொண்டு கைதூக்கிவிட்டவர் பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மர். 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' (1985) ஆல்பத்தின் முதல் பக்கத்தில் பெரும்பாலும் ஹிட் பாட்டுகள். இரண்டாம் பக்கத்தில் ஏழு பாட்டுகள் சேர்ந்து ஒரே கதை, இரவில் நடுக்கடலில் தனியாக மிதக்கும் ஒரு பெண். தூக்கம், பனிக்கட்டி, ஐரிஷ் நடனம், பிரார்த்தனை எல்லாம் அந்த அரைமணிக்குள். 2022இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் புண்ணியத்தில் அவருடைய 'ரன்னிங் அப் தட் ஹில்' 37 வருடம் கழித்து பிரிட்டனில் முதலிடம் போனது. அதைக் கேட்டு வந்த புது ரசிகர்களில் நாலு பேராவது இரண்டாம் பக்கத்துக்குத் திருப்பியிருந்தால் எனக்குச் சந்தோஷம்.

புதுக் குழுக்களில் யாரைக் கேட்கலாம்?

போர்க்குபைன் ட்ரீயின் 'இன் அப்சென்ஷியா' (2002), டூலின் 'லாடரலஸ்' (2001). தலைப்புப் பாட்டில் டூல் அசைகளை ஃபிபனாச்சி எண்வரிசையில் (1, 1, 2, 3, 5, 8 என்று முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்தது வருவது) அடுக்கியிருக்கிறார்கள். அது தெரியாமலே பாட்டு நன்றாக இருக்கிறது என்பதால்தான் சொல்கிறேன். ட்ரீம் தியேட்டரில் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' (1992) போதும். எல்லோரும் அசுர வாசிப்பு. அந்த வேகத்தைப் பார்த்து வாய் பிளந்த பிறகு என்ன மிச்சம் என்று யோசித்தால் பல சமயம் கை காலியாக இருக்கிறது.

ராபர்ட் ஃப்ரிப் சமையலறையில் ஆடுகிற வீடியோக்களைப் பார்த்தீர்களா?

பார்த்தேன், ரசித்தேன். 2020 ஊரடங்கில் ஃப்ரிப்பும் அவர் மனைவி, பாடகி டோயா வில்காக்ஸும் வீட்டிலிருந்தே வாராவாரம் போட்டவை. கச்சேரியில் யாராவது கேமராவைத் தூக்கினால் முறைக்கிற மனிதர், நாற்காலியில் உட்கார்ந்து தலைநிமிராமல் வாசிக்கிறவர், மனைவி பக்கத்தில் குதித்துக் கத்தும்போது முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு அடுத்தவர் ஹிட் பாட்டுகளை வாசித்தார். அவருடைய கண்ணியம் போய்விட்டது என்று புலம்பிய ரசிகர்கள் உண்டு. பாப் பாடகர் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பாட்டில் அந்த நீண்டு அழுகிற கிடார் யாருடையது என்று நினைத்தார்கள்? கேளிக்கைக்காரர்களோடு அவர் எப்போதும் சகவாசம் வைத்திருந்தவர்தான்.

பழைய பதிப்பைக் கேட்பதா, புதிய மிக்ஸா?

போர்க்குபைன் ட்ரீயின் ஸ்டீவன் வில்சன், கிங் கிரிம்சன், யெஸ், ஜெத்ரோ டல் என்று பல பழைய ஆல்பங்களை மூல நாடாக்களிலிருந்து மறுபடி மிக்ஸ் செய்திருக்கிறார். பெரும்பாலும் பழையதே எனக்குப் போதும், காது அதற்குப் பழகிவிட்டது. 'ஆக்வாலங்' மட்டும் விதிவிலக்கு. பழைய பதிவு போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கலாக இருக்கும். 2011இல் வந்த வில்சன் மிக்ஸில்தான் கிடாரும் பியானோவும் தனித்தனியாகக் கேட்கிறது, அதையே தேடி எடுங்கள். அப்புறம், எதைக் கேட்டாலும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள்.